சீனிக்குப் பெனடிக் ஏன் நிறம் மாறவில்லை? சேதனத்தையும் உயிர் இரசாயனத்தையும் ஒரே நூலில் கோத்துப் படிப்பது பற்றி

வெள்ளவத்தைப் பக்கம் ரியூஷனுக்குப் போகும் உயர்தர உயிரியல் பிரிவு மாணவி ஒருவர் கேட்டது இது: சேதனத் தாக்கங்களை அட்டவணை அட்டவணையாகப் பாடமாக்கியும் இரண்டு கிழமைக்கு மேல் நிற்பதில்லை, உயிரியலில் வரும் காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம் எல்லாம் அதோடு ஒட்டாத இன்னொரு பாடமாகத் தெரிகிறது, செய்முறையில் சீனிக் கரைசலுக்குப் பெனடிக் (குளுக்கோசு போன்ற வெல்லங்களைக் காட்டித்தரும் நீலக் கரைசல்) விட்டுச் சூடாக்கினால் நீலம் மாறவில்லை, ஐதரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, பிறகு பெனடிக் விட்டும் மாறவில்லை. ஏன்? எங்கேயிருந்து தொடங்குவது?

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். முதல் இரண்டுக்கும் மருந்து அதற்குள்ளேயே கிடக்கிறது.

பெனடிக் கரைசலில் மூன்று சாமான். ஒரு லீற்றருக்கு நீரேறிய செப்புச் சல்பேற்று 17.3 கிராம், நீரற்ற சோடியம் காபனேற்று 100 கிராம், சோடியம் சித்திரேற்று 173 கிராம். வேலை செய்வது குப்பிரிக்கு அயன். அது அல்டிகைட்டிடமிருந்து இலத்திரனை வாங்கி, குப்பிரசு ஒட்சைட்டாகி, செங்கட்டிச் சிவப்பில் படிகிறது. அல்டிகைட்டு ஒட்சியேறி அமிலத்தின் உப்பாகிறது. இந்தத் தாக்கம் காரத்தில்தான் ஓடும், அதற்குத்தான் காபனேற்று. காரத்தில் செம்பு வீழ்படிவாக விழுந்துவிடாமல் பிடித்துவைப்பது சித்திரேற்று. இப்போது இந்தக் கலவைக்குள் அமிலம் மிஞ்சிய சீனிக் கரைசலை ஊற்றினால் என்ன ஆகும்? காபனேற்று நுரைத்துத் தீர்ந்துபோகும், காரம் போய்விடும், சோதனையும் அதோடு முடிந்தது. உங்களுக்கு நீர்ப்பகுப்பு, அதாவது அமிலத்தில் சீனி குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைவது, நன்றாகவே நடந்திருக்கும். நடுநிலையாக்கும் படி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சரியாகச் செய்வதென்றால் இப்படி. வெள்ளைச் சீனியில் ஒரு சதவீதக் கரைசல் எடுங்கள். சிவப்புச் சீனி வேண்டாம். அதில் முன்னமே உடைந்த குளுக்கோசும் பிரற்றோசும் கொஞ்சம் கலந்திருப்பதால் அமிலம் விடாமலே நிறம் காட்டி ஆளைக் குழப்பும். கரைசலில் 2 மில்லிலீற்றரைச் சோதனைக் குழாயில் விட்டு, ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் 1 மில்லிலீற்றர் சேர்த்து, கொதிநீர் முகவைக்குள் 5 நிமிடம் நிற்கவிடுங்கள். வெளியே எடுத்து ஆறவையுங்கள். பிறகு சோடியம் இருகாபனேற்றை, கடையில் அப்பச்சோடா என்று விற்கிறார்களே அதைத்தான், சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நுரை குழாய்க்கு மேலால் வழிந்து பாதிக் கரைசல் மேசையில் நிற்கும். நுரைப்பது அடங்கியதும் சிவப்புப் பாசிச்சாயத்தாளைத் தொட்டுப் பாருங்கள், நீலமாக வரவேண்டும். இனிப் பெனடிக் 2 மில்லிலீற்றர் விட்டு மறுபடி கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம். பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கட்டிச் சிவப்பு என்று தாழ்த்தும் வெல்லத்தின், அதாவது செம்புக்கு இலத்திரன் கொடுக்கக்கூடிய வெல்லத்தின், அளவுக்கேற்ப வரும். பச்சை என்பது தனி நிறமல்ல: மிஞ்சிய நீலத்துக்குள் கொஞ்சம் மஞ்சள் வீழ்படிவு மிதக்கிறது. பக்கத்தில் இன்னொரு குழாயில், அமிலம் விடாத அதே சீனிக் கரைசலை வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எழுதும் முடிவுக்கு ஆய்வுகூடத்தில் மதிப்பில்லை.

இனி, ஏன் சீனி மட்டும் நேரே நிறம் தருவதில்லை? குளுக்கோசு தருகிறதே?

குளுக்கோசைப் புத்தகத்தில் இரண்டு விதமாக வரைந்திருப்பார்கள், நிமிர்ந்த சங்கிலியாகவும் ஆறுமூலை வளையமாகவும். இரண்டும் ஒரே பொருள்தான், தண்ணீருக்குள் ஒன்று மற்றதாக மாறிக்கொண்டே இருக்கிறது. சங்கிலியின் முதலாம் காபன் அல்டிகைட்டு. ஐந்தாம் காபனில் இருக்கும் ஐதரொட்சில் கூட்டத்தின் ஒட்சிசன், தன் தனிச்சோடி இலத்திரனோடு வளைந்து வந்து அந்த முதலாம் காபனைத் தாக்குகிறது, வளையம் மூடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து தாக்கியது என்பதைப் பொறுத்து அல்பா அல்லது பீற்றா. சமநிலையில் ஏறக்குறைய 36 சதவீதம் அல்பா, 64 சதவீதம் பீற்றா, திறந்த சங்கிலி 0.1 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு சொற்பமான அல்டிகைட்டு எப்படி எல்லாச் செம்பையும் தாழ்த்துகிறது என்று கேட்டால், சமநிலைதான் விடை. திறந்தது தாக்கத்தில் தீரத் தீர வளையம் திறந்து நிரப்பிக்கொண்டே போகும்.

சீனி என்பது சுக்குரோசு. அதில் குளுக்கோசின் முதலாம் காபனும் பிரற்றோசின் இரண்டாம் காபனும் ஒரே ஒட்சிசனால் கட்டுண்டு கிடக்கின்றன. திறக்கக்கூடிய இரண்டு வாசலும் ஒன்றையொன்று பூட்டிவிட்டன. எந்த வளையமும் திறக்காது, அல்டிகைட்டு வராது, நிறமும் வராது. மோல்தோசிலும் இலற்றோசிலும் ஒரு பக்கம் மட்டுமே பூட்டு, அதனால் அவை தாழ்த்தும் வெல்லங்கள். பிரற்றோசு கீற்றோனாக இருந்தும் நிறம் தருவது பலரைத் தடுமாறவைக்கும். காரத்தில் அது ஈனோல் வழியாகக் குளுக்கோசு போன்ற அல்டிகைட்டு வெல்லமாக மாறிக்கொள்கிறது. பல்தேர்வு வினாவில் "கீற்றோன் என்பதால் பிரற்றோசு தாழ்த்தாது" என்ற கூற்றைக் கண்டால் பிழை என்று போட்டுவிட்டு நகருங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மேலே நடந்த கதை முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றித்தான்: ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்புள்ள காபன், அதாவது காபனைல் காபன். போலிங் அளவீட்டில் காபனின் மின்னெதிர்த்தன்மை 2.5, ஒட்சிசனுடையது 3.5 அளவில். பிணைப்பு இலத்திரன்களை ஒட்சிசன் தன் பக்கம் இழுக்கும், காபன் இலத்திரனுக்கு ஏங்கி நிற்கும். தனிச்சோடி வைத்திருக்கும் எதுவும் அந்தக் காபனைத் தேடி வரும். வருவதற்குக் கருநாடி என்று பெயர், நடப்பது கருநாட்டக் கூட்டல். உயர்தரப் பாடத்திட்டத்தில் சேதனத் தாக்கங்களில் பெரும் பங்கும், உயிர் இரசாயனத்தில் ஏறக்குறைய எல்லாமும், இந்த ஒற்றைக் காபனுக்கு யார் இலத்திரன் கொடுக்கிறார்கள் என்பதுதான்.

அட்டவணையாகப் பாடமாக்கும்போது ஐதரசன் சயனைட்டு ஒரு வரி, கிரிக்னாட் இன்னொரு வரி, சோடியம் போரோஐதரைட்டு மூன்றாவது வரி. மூன்றுக்கும் ஒட்டுறவு தெரியாது, அதனால்தான் மறக்கிறது. அம்புக்குறி போட்டு வரையுங்கள்: ஒன்றில் சயனைட்டு அயன் தாக்குகிறது, ஒன்றில் மகனீசியத்தோடு ஒட்டிய காபன் தாக்குகிறது, ஒன்றில் ஐதரைட்டு தாக்குகிறது. மூன்றிலும் இரட்டைப் பிணைப்பின் இலத்திரன் சோடி ஒட்சிசனுக்குப் போகிறது, மூன்றிலும் கடைசியில் ஒட்சிசன் ஒரு புரோத்தனை வாங்கி ஐதரொட்சில் ஆகிறது. அம்பு எப்போதும் இலத்திரன் இருக்கும் இடத்தில் தொடங்கி இல்லாத இடத்தில் முடியவேண்டும். புரோத்தனிலிருந்து அம்பைத் தொடங்குவது பிழை; அதனிடம் கொடுக்க இலத்திரனே கிடையாது.

ஒரு மாற்றீட்டை எடுத்துப் பார்ப்போம். எதனோலிலிருந்து இலற்றிக் அமிலம் செய்யவேண்டும். பின்னாலிருந்து யோசியுங்கள். இலற்றிக் அமிலத்தில் மூன்று காபன், எதனோலில் இரண்டு. ஆகவே ஒரு காபன் கூடவேண்டும். கூட்டித் தரக்கூடியவர்களில் கைக்கு எட்டியவர் சயனைட்டு. அமிலக் கூட்டத்துக்குப் பக்கத்துக் காபனில் ஐதரொட்சில் நிற்கிறது. சயனைட்டு ஒரு அல்டிகைட்டில் கூடினால் அப்படித்தான் நிற்கும். அப்போ அல்டிகைட்டு எதனல். எதனோலைப் பீ.சீ.சீ. (பிரிடீனியம் குளோரோகுரோமேற்று) என்ற மென்மையான ஒட்சியேற்றி கொண்டு எதனலில் நிறுத்துங்கள். அமிலம் சேர்ந்த பொற்றாசியம் இருகுரோமேற்றைப் போட்டால் நிற்காமல் எதனோயிக் அமிலம்வரை ஓடிவிடும். பிறகு சோடியம் சயனைட்டும் ஐதான சல்பூரிக் அமிலமும், பிறகு ஐதான அமிலத்தோடு சூடாக்கி நைத்திரைலை நீர்ப்பகுத்தால் இலற்றிக் அமிலம். மூன்று படி. வினாத்தாளில் சயனைட்டை விட்டுவிட்டு காபன் எண்ணிக்கை கூடாமலே போய்ச் சேர்ந்தவர்களின் விடைகள் ஏராளம். முதலில் காபனை எண்ணுங்கள், பிறகு தாக்கத்தைத் தேடுங்கள்.

இதே இலற்றிக் அமிலம் உங்கள் தசைக்குள்ளும் உண்டாகிறது. ஒட்சிசன் போதாமல் ஓடும்போது குளுக்கோசு உடைந்து வந்த பைருவேற்றின் கீற்றோன் காபனுக்கு, கலத்தில் ஐதரைட்டைக் காவும் மூலக்கூறான என்.ஏ.டி.எச். ஒரு ஐதரைட்டைக் கொடுக்கிறது. போத்தலில் சோடியம் போரோஐதரைட்டு செய்யும் அதே வேலை! வித்தியாசம் ஒன்றுதான். காபனைல் காபன் தட்டையானது, மேலாலும் தாக்கலாம் கீழாலும் தாக்கலாம். போரோஐதரைட்டு இரண்டு பக்கத்தாலும் சமமாகத் தாக்கி, வலக்கையும் இடக்கையும் பாதிப் பாதியான இறசிமிக் கலவையைத் தரும். நொதியத்துக்குள் பைருவேற்று ஒரு பக்கம் சாத்தப்பட்டு இருப்பதால் ஐதரைட்டு மற்றப் பக்கத்தால் மட்டும் வருகிறது. கிடைப்பது எல் வடிவம் மட்டும். உயிரியல் புத்தகத்தில் "நொதியங்கள் தனித்துவமானவை" என்று ஒற்றை வரியில் போட்டிருப்பதன் உள்ளடக்கம் இதுதான்.

அல்டோல் ஒடுக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு எதனல் மூலக்கூறு காரத்தில் சேர்வதைப் பாடமாக்கியிருப்பீர்கள். ஒன்று புரோத்தனை இழந்து கருநாடி ஆகிறது, மற்றதின் காபனைல் காபனைத் தாக்குகிறது. கலம் குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பில் ஆறு காபன் வெல்லம் மூன்றும் மூன்றுமாக வெட்டுப்படும் இடம் நினைவிருக்கிறதா? அங்கே வேலை செய்யும் நொதியத்தின் பெயரே அல்டோலேசு. பிரற்றோசு இருபொசுபேற்றில் நடப்பது அல்டோல் தாக்கத்தின் தலைகீழ். மூன்றாம் நான்காம் காபன்களுக்கு நடுவே உடைந்து, ஒரு துண்டு கீற்றோனாகவும் மற்றது அல்டிகைட்டாகவும் வருகிறது. குளுக்கோசை முதலில் பிரற்றோசு வடிவத்துக்கு மாற்றுவது ஏன் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை: காபனைல் இரண்டாம் காபனுக்கு நகர்ந்தால்தான் வெட்டு நடுவில் விழும். முதலாம் காபனிலேயே நின்றிருந்தால் இரண்டும் நான்குமாக உடைந்திருக்கும்.

இனி அமிலமும் அதன் பெறுதிகளும். அல்டிகைட்டில் தாக்கம் கூட்டலோடு நிற்கிறது, ஏனென்றால் காபனோடு ஒட்டியிருக்கும் ஐதரசனோ காபனோ இலத்திரனை வாங்கிக்கொண்டு வெளியேறத் தயாரில்லை. அமிலக் குளோரைட்டு, நீரிலி, எசுத்தர், அமைட்டு ஆகியவற்றில் வெளியேறக்கூடிய கூட்டம் ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது. அதனால் கருநாடி வந்து கூட, பழையது வெளியேற, மொத்தத்தில் பிரதியீடு. தாக்குதிறனும் மேலே எழுதிய ஒழுங்கிலேயே குறைந்துகொண்டு போகும். கடைசியில் நிற்கும் அமைட்டு ஏன் இவ்வளவு அசையாதது? நைதரசனின் தனிச்சோடி காபனைலுக்குள் பகிரப்பட்டு, காபன் நைதரசன் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பாக இருக்கிறது. இதிலிருந்து மூன்று விளைவு ஒரேயடியாக வரும். அமைட்டு அமைனைப் போல மூலமாக நடக்காது. அந்தப் பிணைப்பைச் சுற்றிச் சுழற்சி இல்லை, தட்டையாக நிற்கும். எளிதில் நீர்ப்பகுக்கவும் முடியாது.

இந்த அமைட்டுப் பிணைப்புக்குப் புரதத்தில் பெப்தைட்டுப் பிணைப்பு என்று பெயர், வேறொன்றுமில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு புரதத்தை முழுவதுமாக அமினோ அமிலங்களாக உடைக்க, லீற்றருக்கு 6 மோல் செறிவான ஐதரோகுளோரிக் அமிலத்தில், மூடிய குழாயில், 110 பாகை செல்சியசில், 24 மணித்தியாலம் வைப்பது வழமை. உங்கள் சிறுகுடலில் கைமோத்திரிப்சின் என்ற நொதியமும் கூட்டாளிகளும் 37 பாகையில் அதைச் செய்துவிடுகின்றன. கைமோத்திரிப்சின் தன்னிடமுள்ள ஒரு செரீனின் ஐதரொட்சிலைக் கூர்மையான கருநாடியாக்கி, அதைக்கொண்டு பெப்தைட்டின் காபனைல் காபனைத் தாக்குகிறது. மறுபடியும் அதே காபன்.

ஒரு பிழையைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். அமினோ அமிலம் இரண்டைக் கலந்து தண்ணீரை நீக்கினால் பெப்தைட்டு வரும் என்று நினைத்துவிடுவார்கள். தாளில் கணக்கு சரி. குழாயில் கலந்தால் அமிலமும் அமைனும் முதலில் புரோத்தனைப் பரிமாறி உப்பாகிவிடும். தாக்கவேண்டிய தனிச்சோடியே இல்லாமல் போய்விடுகிறது. கலம் இதற்குத் தன் சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பீ.யைச் செலவழித்து அமிலப் பக்கத்தை முதலில் உயிர்ப்பூட்டுகிறது, அதாவது நல்ல வெளியேறும் கூட்டம் ஒன்றை அதில் கட்டிவிடுகிறது. ஆய்வுகூடத்தில் அமிலத்தை அமிலக் குளோரைட்டாக மாற்றிவிட்டு அமைன் சேர்க்கிறோமே, அதே தந்திரம்.

கொழுப்புக்கு அதிக நேரம் தேவையில்லை. கிளிசரோலின் மூன்று ஐதரொட்சிலும் மூன்று கொழுப்பமிலத்தோடு எசுத்தராகி இருக்கின்றன. காரத்தால் நீர்ப்பகுத்தால் சவர்க்காரம்: தேங்காயெண்ணெய் 100 கிராமுக்குச் சோடியம் ஐதரொட்சைட்டு ஏறக்குறைய 18 கிராம். மெதனோலும் கொஞ்சம் கார ஊக்கியும் சேர்த்தால் எசுத்தர் இடம்மாறி உயிர்டீசல். எண்ணெயில் ஈரமோ பழுதான எண்ணெயின் சுயாதீன அமிலமோ இருந்தால் டீசலுக்குப் பதில் சவர்க்காரக் கூழ் மிஞ்சும். உருகுநிலைதான் மாணவர்களுக்குச் சிக்கல். "நிரம்பிய கொழுப்பு திண்மம், நிரம்பாதது திரவம்" என்று எழுதிவிட்டு, தேங்காயெண்ணெய் நிரம்பியதாக இருந்தும் கொழும்பில் ஏன் திரவமாக நிற்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். சங்கிலி நீளமும் கணக்கில் வரவேண்டும். அதில் பாதியளவு 12 காபன் இலோரிக் அமிலம். சங்கிலி குட்டை, கவர்ச்சி குறைவு, எண்ணெய் 24 பாகையளவில் உருகிவிடுகிறது. நுவரெலியாவில் அதே போத்தல் காலையில் உறைந்திருக்கும். 18 காபன் இசுத்தியரிக் அமிலம் 69 பாகையில் உருகும். அதே 18 காபனில் நடுவே ஒரு சிஸ் (சங்கிலியின் இரண்டு பக்கமும் ஒரே புறமாக நிற்கும்) இரட்டைப் பிணைப்பு வந்தால் அது ஒலெயிக் அமிலம், உருகுநிலை 13 பாகை. ஒரு மடிப்பு, அடுக்க முடியவில்லை, 56 பாகை இறங்கிவிட்டது.

வடிவம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு மாப்பொருளும் செலுலோசும். இரண்டும் குளுக்கோசுதான். ஒன்றில் அல்பா 1,4 பிணைப்பு, மற்றதில் பீற்றா 1,4. மேலே சொன்ன வளையம் மூடும்போது ஒட்சிசன் எந்தப் பக்கம் நின்றது என்பது மட்டுமே வித்தியாசம். அல்பாவில் சங்கிலி சுருளாக வளைகிறது, அந்தச் சுருளுக்குள் அயடீன் புகுந்து கருநீலம் தருகிறது. பீற்றாவில் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு ஐதரசன் பிணைப்பால் கட்டுப்பட்டு நாராகிறது. நம்மிடம் அதை வெட்டும் நொதியம் கிடையாது. மூலக்கூறுகளைத் தட்டைத் தாளில் வரைந்து வரைந்து அவை தட்டையானவை என்று நம்பத் தொடங்குவதுதான் இங்கே எதிரி. ராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் கட்டடத்துக்கு அடமன்ரேன் ஹவுஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பத்துக் காபன், பதினாறு ஐதரசன் கொண்ட அந்த மூலக்கூறைத் தட்டையாக வரைய முயன்று பாருங்கள், நான்முகி என்றால் என்னவென்று பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

மாப்பொருளை வெட்டும் நொதியமான அமிலேசின் செய்முறையில் அயடீனைக் கலவைக்குள் ஊற்றாதீர்கள். வெள்ளை ஓட்டில் அயடீன் துளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, 30 செக்கனுக்கு ஒருமுறை கலவையில் ஒரு துளி எடுத்துத் தொடுங்கள். நீலம் வராத முதல் துளியின் நேரம்தான் உங்கள் வாசிப்பு. சூடான கரைசலை நேரே தொட்டால் நீலம் வராது, சுருள் தளர்ந்து அயடீன் கழன்றுவிடும், ஆறினால் திரும்பி வரும். மாப்பொருள் தீர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதவேண்டாம். அதேபோல 80 பாகையில் நொதியம் "செத்துவிட்டது" என்று எழுதினால் புள்ளி போகும். அது உயிருள்ளதல்ல, இயல்பழிந்தது. மடிப்பைத் தாங்கும் ஐதரசன் பிணைப்புகளும் அயன் கவர்ச்சிகளும் நீர்வெறுப்புக் கவர்ச்சிகளும் குலைந்தன, உயிர்ப்பு மையத்தின் வடிவம் போனது.

அமிலத்தன்மை பற்றி ஒரு விடயம் மட்டும். பீ.கே.ஏ. பெறுமானம் (குறையக் குறைய அமிலம் வலிமையானது) எதனோலுக்கு 16 அளவில், பீனோலுக்கு 10, எதனோயிக் அமிலத்துக்கு 4.76. எண்களைப் பாடமாக்கவேண்டாம், புரோத்தன் போனபின் மறையேற்றம் எங்கே தங்குகிறது என்று பாருங்கள். எதொட்சைட்டில் ஒரே ஒட்சிசனில் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறது. பீனேற்றில் வளையக் காபன்களுக்கும் பகிரப்படுகிறது. எதனோயேற்றில் இரண்டு ஒட்சிசன்களுக்குச் சமமாகப் பகிரப்படுகிறது, அது இன்னும் நல்லது. காபோனிக் அமிலத்தின் 6.35 இவற்றுக்கு நடுவில் விழுவதால்தான் சோடியம் இருகாபனேற்றோடு காபொட்சிலிக் அமிலம் நுரைக்கிறது, பீனோல் நுரைப்பதில்லை. கையில் கிடைக்கும் உதாரணம் கறுவா. பட்டையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி சினமல்டிகைட்டு, ஓர் அல்டிகைட்டு. 2,4-இருநைத்திரோபீனைல்ஐதரசீனோடு செம்மஞ்சள் சார்ந்த வீழ்படிவு தரும். அதே மரத்தின் இலையெண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல், ஒரு பீனோல். பெரிக்குக் குளோரைட்டோடு நிறம் காட்டும், இருகாபனேற்றோடு நுரைக்காது.

அமினோ அமிலத்தை எழுதும்போது இந்த எண்கள் உதவிக்கு வரும். கிளைசீனை ஒரு பக்கம் ஏற்றமில்லாத அமைன், மறுபக்கம் ஏற்றமில்லாத அமிலம் என்று வரைந்துவிட்டு "பீ.எச். 7 இல் இருக்கும் வடிவம்" என்று தலைப்பிடுவது மிகப் பரவலான பிழை. அதன் அமிலக் கூட்டத்தின் பீ.கே.ஏ. 2.34, அமோனியம் கூட்டத்தினது 9.60. 7 இல் முதலாவது புரோத்தனை இழந்திருக்கும், இரண்டாவது இன்னும் வைத்திருக்கும். ஆகவே ஒரு நேரேற்றம், ஒரு மறையேற்றம். ஒரு சின்ன மூலக்கூறு 230 பாகைக்கு மேலே சூடாக்கியும் உருகாமல் சிதைவதும், எதரில் கரையாமல் தண்ணீரில் கரைவதும் இந்த உப்புத்தன்மையால்தான். எருமைத் தயிர் உறைவதிலும் இதே கணக்குதான்: இலற்றிக் அமிலம் பீ.எச். ஐ 4.6 பக்கம் இறக்கும்போது பாலின் புரதமான கேசினின் மொத்த ஏற்றம் பூச்சியமாகிறது, துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளுவதை நிறுத்தித் திரள்கின்றன.

அற்ககோல் ஒட்சியேற்றத்தையும் உயிரியலோடு ஒட்டிப் படிக்கலாம். மெதனோல் கலந்த கசிப்பைக் குடித்தவருக்குக் கண் போவது ஏன்? ஈரலில் அற்ககோல் டிஐதரோசனேசு அதை மெதனலாக்குகிறது, அடுத்த நொதியம் மெதனோயிக் அமிலமாக்குகிறது. முதன்மை அற்ககோல், அல்டிகைட்டு, அமிலம் என்ற அதே ஏணி. மெதனோயேற்று இழைமணியில் சுவாசத்தைத் தடுத்துப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. வைத்தியசாலையில் கொடுக்கும் மாற்றுமருந்துகளில் ஒன்று எதனோல். அதே நொதியத்தின் உயிர்ப்பு மையத்தை எதனோல் முந்திப் பிடித்துக்கொள்ள, மெதனோல் மாறாமலே வெளியேற நேரம் கிடைக்கிறது. ஒரே மையத்துக்கு இரண்டு பொருள் போட்டியிடுவது என்றால் என்ன என்று கேட்டால் இதை எழுதுங்கள்.

பெயரிடலுக்கு ஒரு சோதனை போதும்: 2-எதைல்புரொப்பேன் என்று எழுதியிருந்தால் வரைந்து பாருங்கள். நீளமான சங்கிலி நான்கு காபன், சரியான பெயர் 2-மெதைல்பியூற்றேன். காபனுக்கு ஐந்து பிணைப்பு வந்திருக்கிறதா என்றும் அதே பார்வையில் எண்ணிவிடுங்கள்.

கடைசியாகப் புரதத்துக்கான பையூரெட் சோதனை, ஏனென்றால் பெனடிக்குக்கு அடுத்தபடி ஆய்வுகூடத்தில் கெட்டுப்போவது இதுதான். முட்டை வெள்ளைக்கருவைப் பத்து மடங்கு ஐதாக்கி 2 மில்லிலீற்றர் எடுங்கள். 10 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டு 2 மில்லிலீற்றர் சேர்த்துக் குலுக்குங்கள். பிறகு ஒரு சதவீதச் செப்புச் சல்பேற்று இரண்டு அல்லது மூன்று துளி மட்டும். சூடாக்கவேண்டியதில்லை. செப்புச் சல்பேற்றைத் தாராளமாக விட்டால் நீல வீழ்படிவு ஊதாவை மூடிவிடும், பலருக்கு "புரதம் இல்லை" என்று விடை வருவது இதனால்தான். நிறம் தருவது காரத்தில் பெப்தைட்டு நைதரசன்களைச் செம்பு பிடிப்பது. ஆகக் குறைந்தது இரண்டு பெப்தைட்டுப் பிணைப்பு தேவை. தனி அமினோ அமிலம் தராது, இருபெப்தைட்டும் தராது. அவித்த முட்டையின் வெள்ளையை மசித்துச் செய்தாலும் ஊதா வரும், இயல்பழிதலில் பெப்தைட்டுப் பிணைப்பு எதுவும் உடையவில்லை. மாதிரியில் அமோனியம் உப்பு இருந்தால் மட்டும் கவனம்: செம்பு அமோனியாவோடு சேர்ந்து கடும் நீலம் தரும், அதை ஊதா என்று எழுதிவிடாதீர்கள்.